சக்கர வீட்டில் ஈசல்

நல்லதண்ணிக்குப் போகும் பஸ் கடைசி வளைவில் திரும்பும்போது, இடதுகைப் பக்கம், தேயிலை மலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி தெரியும். பெட்டிக்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல், கீழே இரண்டு சக்கரம். ஜன்னலில் பூப்போட்ட திரை. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டுபோய், பிடித்த இடத்தில் நிறுத்தி உள்ளே படுத்துத் தூங்குவதற்காகச் செய்த கேரவன் அது. தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சுகிர்தத்தின் சக்கர வீடு என்றால்தான் தெரியும்.

சுகிர்தம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம் ஒன்றில் பிறந்தவள். தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டாள். வயது வந்ததும் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அந்தோனிமுத்துவைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தபிறகும் அதே கூடை, அதே மலை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது எல்லோருக்கும் பின்னால் நின்று கையை மட்டும் தூக்குவாள். பேச்சுத்தான் குறைவே தவிர, கண் எதையும் விடாது. எந்த வீட்டில் அடுப்புப் புகையவில்லை, எந்தப் பிள்ளையின் செருப்பு அறுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லமாட்டாள்.

அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. அதையும் அவள் சொன்னதில்லை. தனக்கென்று பூட்டும் சாவியும் உள்ள ஓர் இடம்.

லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துடையது. சுவரில் ஆணி அடித்தாலும் அது தோட்டத்துச் சுவர். வாசலில் முருங்கைக் கொப்பு நட்டாலும் அது தோட்டத்து மண். இவர்கள் பேசுவது பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அவர்கள் இருமினால் இவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அவள் வேலையிலிருந்து நின்று சேமலாப நிதிக் காசு கைக்கு வந்தபோது, ஆட்டோ வாங்கு, மாடு வாங்கு, மகளுக்கு நகை செய் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுகிர்தம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு ஒருநாள் மஸ்கெலியாவில் ஹமீத் முதலாளியின் இரும்புக் கடைக்குப் பானை வாங்கப் போனவள், கடைக்குப் பின்னால் கொட்டகையில் நின்ற அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். நுவரெலியாவில் யாரோ ஹோட்டல்காரர் கடையை மூடிவிட்டு விற்றுப்போனது.

கூடப் போயிருந்த அந்தோனிமுத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது என்னா முதலாளி, கோழிக்கூடா?" என்று கேட்டார்.

"கோழிக்கூட்டுல கட்டிலும் மேசையும் இருக்குமா அந்தோனி? உள்ள போய்ப் பாருங்க."

சுகிர்தம் அதற்குள் உள்ளே போயிருந்தாள். மடித்து வைக்கிற மேசை. மெத்தை போட்ட கட்டில். ஒரு சின்னக் கண்ணாடி அலுமாரி. கதவில் பூட்டு, பூட்டில் சாவி தொங்கியது. அவள் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தரம் திருப்பினாள்.

"இதத்தாங்க வாங்கணும்," என்றாள். அன்று முழுவதும் அவள் பேசியது அவ்வளவுதான்.

நிலம் இல்லாதவர்கள் வீடு வாங்கவேண்டுமென்றால், நிலத்தில் ஒட்டாத வீட்டைத்தான் வாங்கவேண்டும். அவளுடைய கணக்கு அது. சிவனொளிபாதமலை சீசனில் மலையேற வருகிறவர்களுக்கு இரவு வாடகைக்கு விடலாம் என்பது அந்தோனிமுத்துவின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போயின.

ரோட்டோரத் துண்டில் நிறுத்துவதற்கு, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமியைப் போய்க் கேட்டார்கள். அவர் கெட்ட மனிதரல்ல. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சக்கரம் இருக்கிற வரைக்கும் எனக்கு அது வண்டி. வண்டிய நிறுத்துறதுக்கு நான் ஏன் வேணாங்கப்போறேன்? ஆனா சுத்தி கம்பு நட்டு தகரம் போட்டீங்கன்னா அது கட்டடம். கட்டடம்னா தொரை என்னத்தான் கேப்பாரு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சிங்க ஐயா."

அதனால் அந்தப் பெட்டிக்கு மேல் தனியாகத் தகரக் கூரை கிடையாது. மஸ்கெலியாப் பக்கத்து மழை நேராக அதன் தலையில் விழுந்தது.

முதல் சீசன் நன்றாகத்தான் போனது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் அனுஷ்கா சிங்களத்தில் ஒரு பலகை எழுதிக் கொடுத்திருந்தாள். ஆட்கள் வந்தார்கள், படுத்தார்கள், மலையேறினார்கள், இறங்கிவந்து கால் வலிக்கிறது என்று சிரித்தார்கள். அவர்கள் போனபின் சுகிர்தம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாருடைய இருமலும் கேட்காது. சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, கழுத்தில் ஜெபமாலையோடு சேர்த்துப் போட்டிருந்தாள். வாடகைக்கு வந்தவர்களிடம் கொடுக்கும்போது தவிர, தண்ணீர் விழும் பீலிக்கரையில் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை.

"மாதா இருக்கிற எடத்துல பூட்டு சாவியும் தொங்குதே," என்று அந்தோனிமுத்து கேலி செய்வார். "மோட்சத்துக் கதவ தெறக்கிறதுக்கா?"

"ஆமா. ஒங்கள வெளிய வச்சி பூட்டுறதுக்கு."

அந்தப் பெட்டியை அவள் பிள்ளையைப்போல வைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால், லயத்துப் பெண்கள் எல்லோரும் காம்பராவைக் கழுவுவார்கள். சாமான்களை வெளியே எடுத்துவைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேய்த்து, வாசல் வழியாகச் சாக்கடைக் கானுக்குத் தள்ளிவிடுவார்கள். சிமெந்துத் தரை வாசல் பக்கம் சரிவாக இருக்கும். தண்ணீர் தானாகவே ஓடிவிடும். சுகிர்தமும் சக்கர வீட்டை அப்படித்தான் கழுவினாள். ஐந்தாறு வாளி. சோப்புத் தூள் போட்டு, ஈர்க்குமாறால் தேய்த்து, கதவு வழியாகத் தள்ளிவிட்டாள். ஊற்றிய தண்ணீரில் பாதிதான் வெளியே வந்தது. மீதி எங்கே போனது என்று அவள் யோசிக்கவில்லை. நன்றாகக் காய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டிக்கு அடியிலும் ஒரு வசதி இருந்தது. அந்தச் சரிவு முழுவதிலும் மழை படாத ஒரே இடம் அதுதான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து, வெட்டிப்போட்ட மிலாறுக் கொப்புகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துவந்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், பெட்டியின் அடிவயிற்றைத் தொடுகிற அளவுக்கு அடுக்கினாள். விறகு நிறைய இருந்தால்தான் வீட்டுக்கு அழகு. போகிற வருகிற பெண்கள் பார்த்து, "சுகிர்தத்துக்கு ரெண்டு வருசத்துக்கு அடுப்புக் கவல இல்ல," என்று சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

சீசன் முடிந்து மழைக்காலம் வந்தது. ஆனி, ஆடி முழுவதும் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருநாள் கதவைத் திறந்தபோது ஈரக் கோணியின் வாடை அடித்தது. மெத்தையைத் தொட்டாள், காய்ந்துதான் இருந்தது. மேலே கூரையும் சுவரும் சேருகிற மூலையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை இருந்தது. மறுநாள் அது உள்ளங்கை அளவானது. பிறகு பப்பாளி இலை அளவானது.

அந்தோனிமுத்து தார் டின்னோடு கூரைமேல் ஏறினார். "பாத்து ஏறுங்க, அது தகரமில்ல," என்று அவள் கீழே நின்று சொன்னாள். அவருடைய கால் வைத்த இடம் குழிந்தது. ஓர் ஒழுக்கை அடைத்துவிட்டு இறங்கினார்; அடுத்த மழையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. சுகிர்தம் கட்டில்மேல் ஒரு பேசினும் மேசைமேல் ஒரு சட்டியும் வைத்தாள். சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பேசின் நிறையும்போதெல்லாம் எடுத்து வெளியே ஊற்றினாள். கொட்டுகிற மழைக்குள்தான் அதை ஊற்றவேண்டியிருந்தது.

இவ்வளவு இருந்தும் சனிக்கிழமை கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. வாடை வரவர, இன்னும் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினாள்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஒருநாள் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று திரையைக் கழற்றும்போது இடது கால் தரைக்குள் போனது. சத்தமே இல்லை. ஊறின ரொட்டிக்குள் விரல் போவதுபோல, குதிகால் இறங்கிவிட்டது. குனிந்து விரிப்பைத் தூக்கினாள். பலகை கறுத்துப் பொருமியிருந்தது. அதன் நடுவே மண்ணால் பூசிய நரம்புகள்போலக் கோடுகள் ஓடின. ஒரு கோட்டை நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளையாக எண்ணற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

கறையான்.

விரிப்பைத் திரும்ப மூடினாள். கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அந்தோனிமுத்து வந்து கேட்கும்வரை அப்படியே இருந்தாள்.

லயத்துக்கு மேலே கூரை வேலைக்கு வந்திருந்த கணேசமூர்த்தி பாஸைக் கூட்டிவந்தார்கள். தச்சு வேலை செய்கிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பாஸ். வாய் கொஞ்சம் நீளம். கையில் இருந்த திருப்புளியால் சுவரின் கீழ்ப்பக்கம் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. இழுத்தார். இன்னோரிடத்தில் குத்தினார். அங்கும் அப்படியே.

"இத கழுவினீங்களாக்கா?"

"சனிக்கெழம, சனிக்கெழம."

"எதால?"

"வாளியால," என்றாள் சுகிர்தம். ஏன் கேட்கிறார் என்று அப்போதே அவளுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

பாஸ் வெளியே இறங்கி, குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார். மிலாறுக் கட்டிலிருந்து பெட்டியின் அடிப்பலகை வரைக்கும் மண் குழாய்கள் ஏறியிருந்தன. ஒரு கம்பை உருவி முறித்தார். உள்ளே மாவாக இருந்தது.

"சாப்பாட்ட கீழ அடுக்கி, தண்ணிய மேல ஊத்தி, கறையானுக்குக் கல்யாண ஊடே நடத்தியிருக்கீங்களேக்கா!" என்று சிரித்தார். அந்தோனிமுத்துவும் பழக்கத்தில் கூடச் சிரித்தார். பிறகு சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்து இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"இது லயத்துத் தர இல்லக்கா," என்று பாஸ் குரலைத் தணித்துச் சொன்னார். "மெல்லிசா அஞ்சு ஏடு ஒட்டின பலக, தண்ணி பட்டா பொருமிரும். ஈரத் துணியால தொடைக்கிறதோட விட்டுறணும். சரி, நீங்க எங்க கண்டீங்க."

"இப்ப என்னா செய்யலாம் தம்பி?"

"சொவர், தர எல்லாத்தையும் கழட்டணும். இரும்புச் சட்டத்த மட்டும் வச்சிக்கிட்டு புதுசா அடிக்கணும். அதுக்கு ஒரு மாசமாச்சும் மழ படாத எடத்துல நிக்கணும். எங்க வச்சி செய்வீங்க?"

மழை படாத இடம். தோட்டத்தில் அப்படி இருந்தது பழைய லொறிக் கொட்டகை ஒன்றுதான். சுகிர்தம் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமோ எதையோ கேட்கத் தனியாகப் போனாள். செல்லசாமி அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். கொட்டகையில் உர மூட்டை இறக்கியிருக்கிறார்கள் என்றார். துரையிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொன்னாரோ என்னவோ, கொட்டகையில் உர மூட்டை அப்படியே இருந்தது.

மிலாறு முழுவதையும் இழுத்துப்போட்டு எரித்தார்கள். மண் குழாய்களை உடைத்தார்கள். கறையான் மருந்து வாங்கி அடித்தார்கள்; மண்ணெண்ணெயும் ஊற்றினார்கள். இரண்டு நாளில் குழாய்கள் வேறு பக்கத்தில் முளைத்தன. அதற்குள் மார்கழிப் பௌர்ணமிப் போயா வந்து, சீசன் தொடங்கி, மலைப்பாதைக்கு லைட் போட்டுவிட்டார்கள். ரோட்டில் பஸ்கள் ஏறத் தொடங்கின.

"ஓட்ட மேல பலகைய போட்டு, விரிப்ப விரி," என்றார் அந்தோனிமுத்து. "இந்த சீசன் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்."

"ஆள் படுக்கிற எடங்க அது."

"கட்டில்லதானே படுக்கப் போறாங்க? தரையிலயா?"

அவளுக்கு மனமில்லை. ஆனாலும் பலகையைப் போட்டாள். விரிப்பை விரித்தாள். வாடை தெரியாமல் ஊதுபத்தி கொளுத்தினாள்.

முதலில் வந்தது கம்பஹாப் பக்கத்துச் சிங்களக் குடும்பம். வயதான தகப்பன், மகள், மருமகன். பின்னேரம் வந்து இறங்கினார்கள். இரவு மலையேறுவதற்குமுன் தகப்பன் கொஞ்சம் படுக்கவேண்டும். மகள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஹரிம லஸ்ஸனய்!" என்றாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டதும் சுகிர்தத்துக்கு முகம் சூடானது. கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு, கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு ஒரு பாட்டம் மழை பெய்து விட்டது. பிறகு காற்றே இல்லை. புழுக்கம். மலையில் அந்த நேரத்துக்குப் புழுக்கம் வருவது அபூர்வம். லயத்து வாசலில் நின்ற சுகிர்தம் ஈர மண்ணிலிருந்து ஒன்றிரண்டு ஈசல் எழும்புவதைப் பார்த்தாள். கறையானுக்குச் சிறகு முளைத்தால்தான் ஈசல். அப்போது சக்கர வீட்டின் ஜன்னலில் மின்குமிழ் எரிந்தது.

அவள் ஓடினாள். போய்ச் சேருவதற்குள் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கதவு திறந்துகொண்டது. சுவரும் தரையும் சேருகிற இடத்து வெடிப்பிலிருந்து அவை வந்துகொண்டிருந்தன. ஒன்று, பத்து என்றில்லை; யாரோ உள்ளேயிருந்து ஊதித் தள்ளுவதுபோல, சிறகுச் சிறகாக, மின்குமிழை மறைத்துக்கொண்டு. மகள் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் இறங்கினாள். மருமகன் கிழவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மேசைமேல் பிரித்து வைத்த சோற்றுப் பொதியில் சிறகுகள் ஒட்டியிருந்தன. வெளியே வரும்போது மருமகனின் கால் விரிப்போடு சேர்ந்து தரைக்குள் இறங்கியது. கிழவர் விழப்பார்த்தார். சுகிர்தம் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

சத்தம் போடுவார்கள் என்று நின்றாள். அவர்கள் போடவில்லை. கிழவர் சட்டைக்குள் புகுந்த ஈசலைத் தட்டிவிட்டபடி அவளைப் பார்த்தார்.

"அம்மே, மேக்க ஒயாகெ கெயத?" என்று கேட்டார். இது உன்னுடைய வீடா?

"ஒவ் மாத்தயா," என்றாள். ஆமாம் என்று சொல்வதற்கு அன்றைக்குப்போல அவளுக்கு என்றைக்கும் நாக்குக் கூசியதில்லை.

"பவ்," என்றார் கிழவர். பாவம் என்று அர்த்தம். சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு பஜார் பக்கம் நடந்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை சிறகுகளைக் கூட்டினாள். ஒரு வாளி நிறைய வந்தது. தூக்கினால் கனமே இல்லை. அனுஷ்கா எழுதிக் கொடுத்த பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

விஷயம் மஸ்கெலியாவுக்குப் போய், ஹமீத் முதலாளி தானாகவே டிராக்டரோடு வந்தார். "என் கொட்டகையில வச்சி செய்வோம் தங்கச்சி. வித்தவன் நான். பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா?" என்றார். அவ்வளவு நாளில் சுகிர்தத்துக்கு அன்றுதான் மூச்சு வந்தது. கணேசமூர்த்தி பாஸும் வந்தார். சேற்றில் புதைந்திருந்த சக்கரங்களை மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் காற்றடித்தார்கள். செல்லசாமி குடையைப் பிடித்துக்கொண்டு மேலே ரோட்டில் நின்றார். சங்கிலியை முன் கொக்கியில் மாட்டினார்கள்.

"மெதுவா இழுங்க, மெதுவா!" என்று பாஸ் கையை ஆட்டினார்.

டிராக்டர் உறுமியது. சங்கிலி விறைத்தது. கீழே இருந்த இரும்புச் சட்டமும் சக்கரமும் முன்னால் வந்தன. பெட்டி வரவில்லை. சட்டம் ஒரு முழம் நகர்ந்தபின்தான் பெட்டி முனகிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. பின் சுவர் தீப்பெட்டி திறப்பதுபோலத் திறந்துகொண்டது. உள்ளே கட்டில், கண்ணாடி அலுமாரி, பூப்போட்ட திரை எல்லாம் ரோட்டுக்குத் தெரிந்தன. வெள்ளைப் புழுதி கொட்டியது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

டிராக்டர் நின்றது. பாஸ் திறந்த சுவருக்குள் கையை விட்டு, ஒரு சட்டத்தைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. அதை நிலத்தில் போட்டுவிட்டு, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"இன்னும் இழுத்தா இரும்பு மட்டுந்தான் முதலாளி வரும்."

"இழுக்காட்டி?"

"இங்கேயே கெடந்து மண்ணாப் போகும்."

மேலே நின்ற செல்லசாமி இருமினார். "சக்கரம் வேற, பெட்டி வேறயாப் போச்சே. இப்ப இத நான் என்னான்னு சொல்றது? தொரை நாளைக்கி இந்தப் பக்கந்தான் வருவாரு." அவர் குரலில் கோபமில்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹமீத் முதலாளி சுகிர்தத்தைப் பார்த்தார். அந்தோனிமுத்து பார்த்தார். பாஸும் பார்த்தார். அவள் சொன்னால் இழுப்பார்கள். அவள் சொன்னால் விடுவார்கள். வாழ்க்கையில் ஒரு தரமாவது எல்லோரும் தன் வாயைப் பார்த்து நிற்கவேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. இப்போது நிற்கிறார்கள். அவள் சாய்ந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கியது. முதல் துளி டிராக்டரின் மேல் விழுந்து ஆவியானது. பிறகு சடசடவென்று விழத் தொடங்கியது. சங்கிலியைக் கழற்றச் சொல்லிவிட்டு ஹமீத் முதலாளி ரோட்டோரத்துக் கடையொன்றில் மழைக்கு ஒதுங்கினார். பாஸ் டிராக்டரில் கிடந்த தார்த் துணித் தரப்பாளை எடுத்துத் திறந்த சுவர்மேல் எறிந்து பார்த்தார். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

சுகிர்தம் சேற்றில் இறங்கிப் பெட்டியின் முன்பக்கம் போனாள். காற்றில் ஆடிக்கொண்டிருந்த கதவை இழுத்துச் சாத்தினாள். சாய்ந்திருந்ததால் அது நிலையில் சரியாகப் பொருந்தவில்லை. தோளால் முட்டுக்கொடுத்து அழுத்தினாள். கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். 'டக்' என்றது.

"ஏய் புள்ள," என்றார் அந்தோனிமுத்து, மழையில் நனைந்துகொண்டே. "பின்னால சொவரே தொறந்து கெடக்கு. கதவ பூட்டுற?"

அவள் சாவியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "மழ கூடப்போவுது."